ஸ்கேன் படம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டுமா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து 59 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். துறைமுகக் களஞ்சியமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 21 வயதில் பிடித்த சிகரெட்டை 57 வயதில்தான் விட்டிருக்கிறார். நாளுக்குச் சுமார் பதினைந்து. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். போன வருடம் மைத்துனர் நுரையீரல் புற்றுநோயில் காலமானதும் கனடாவிலுள்ள மகள் விடவில்லை: "அப்பா, நீங்களும் ஒருக்கால் ஸ்கேன் எடுத்துப் பாருங்கோ." இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், ஒரு தனியார் வைத்தியசாலையில் குறைந்த கதிர்வீச்சு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்.

அறிக்கையின் பிரதியையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். அதன் சாரம் இது. வலது நுரையீரலின் மேல் மடலில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு திண்ம முடிச்சு. முடிச்சுகளைத் தரம்பிரிக்கும் 'லங்-ராட்ஸ்' அட்டவணையில் இரண்டாம் வகை, 12 மாதத்தில் மீண்டும் பார்க்கவும். நுரையீரல்களின் அடிப்பகுதியில் மூச்சசைவால் சிறிது மங்கல். குறைந்த கதிர்வீச்சு முறை என்பதால் நெஞ்சின் நடுப்பகுதியை மதிப்பிடுவது மட்டுப்பட்டது. இருதய இரத்தக் குழாய்களில் மிதமான சுண்ணாம்புப் படிவு. மேல் மடல்களில் லேசான எம்பிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து விரிவது).

படத்தை மடிக்கணினித் திரையில் போட்டு, போனில் படம் பிடித்து, மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். மகளின் வைத்தியத் தோழி ஒருவர் "கிளியர் இல்லை" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. அவருடைய கேள்விகள்: "காசு கொடுத்தும் அரைகுறை ஸ்கேன்தான் எடுத்தார்களா? முழுக் கதிர்வீச்சில், மருந்து ஏற்றித் திரும்ப எடுக்கச் சொல்லலாமா? காசைத் திருப்பிக் கேட்க முடியுமா? பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா? ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?" மனைவிக்கோ வேறு பயம்: இப்படி ஸ்கேன் எடுத்தே புற்றுநோய் வந்துவிடுமோ என்று.

ஐயா,

முதலில் ஒன்று. உங்கள் புகைப்பழக்கத்தின் கணக்கு இந்தப் பரிசோதனைக்குப் பொருந்துகிறது. நாளுக்கு ஒரு பெட்டி, அதாவது 20 சிகரெட், ஒரு வருடம் பிடித்தால் அதை ஒரு 'பெட்டி வருடம்' என்று எண்ணுவோம். நீங்கள் 36 வருடம் பதினைந்து வீதம் பிடித்ததால் 27 வருகிறது. அமெரிக்காவின் 2021 ஆம் ஆண்டுப் பரிந்துரை 50 முதல் 80 வயதுக்குள், 20 பெட்டி வருடமோ அதற்கு மேலோ, இன்னும் பிடிப்பவர்கள் அல்லது விட்டுப் பதினைந்து வருடம் ஆகாதவர்களுக்கு வருடம் ஒருமுறை இந்த ஸ்கேனைச் சொல்கிறது. இலங்கையில் இதற்கென்று தேசியத் திட்டம் ஏதும் இல்லை. ஆனாலும் உங்கள் மகள் வீணாகச் செலவு வைக்கவில்லை.

படம் ஏன் அப்படித் தெரிகிறது

ஸ்கேன் கருவியில் கதிர்வீச்சைக் குறைத்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் கூடும். இதை 'இரைச்சல்' என்போம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. கதிர்வீச்சைப் பாதியாக்கினால் இரைச்சல் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். கால்வாசியாக்கினால்தான் இரண்டு மடங்கு. ஆகவே நீங்கள் பார்த்த புள்ளிகள் கருவி பழுதானதால் வந்தவையும் இல்லை, யாரோ கவனக்குறைவாக எடுத்ததால் வந்தவையும் இல்லை. அப்படி வரும் என்று தெரிந்தே, வேண்டுமென்றே அந்த அளவில் எடுப்பதுதான் இந்த முறை.

அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர் முடிச்சு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இருட்டான இரவில் கடற்கரையில் நின்றால் ஆழ்கடலில் போகும் ஒற்றைத் தோணியின் விளக்கு தெரிகிறதல்லவா? நுரையீரல் அந்த இருட்டுக் கடல்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று. சி.டி. அளவுகோலில் (தண்ணீர் பூச்சியம், காற்று கழித்தல் ஆயிரம்) நுரையீரல் கழித்தல் 850 ஐ ஒட்டி நிற்கும். திண்ம முடிச்சு கூட்டல் 30, 40 என்று வரும். இடைவெளி எண்ணூறுக்கும் மேல். அதற்குள் இரைச்சல் முப்பது, நாற்பது ஏறி இறங்கினாலும் முடிச்சு மறைந்து போகாது.

நெஞ்சின் நடுப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே இருதயம், பெரிய இரத்தக் குழாய்கள், உணவுக்குழாய், நிணநீர்க் கணுக்கள் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டி இருக்கின்றன. உறுப்புகளைப் பிரித்துக் காட்டும் மருந்தை இரத்தத்தில் ஏற்றாவிட்டால் அவற்றுக்கிடையே வித்தியாசம் வெறும் பத்து, இருபதுதான். அங்கே அதே இரைச்சல் வித்தியாசத்தை விழுங்கிவிடும். "நடுப்பகுதியை மதிப்பிடுவது மட்டுப்பட்டது" என்று அறிக்கையில் எழுதியிருப்பது இதைத்தான். நீங்கள் அதை வைத்தியசாலை ஒப்புக்கொண்ட குற்றம்போல வாசித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு குறைந்த கதிர்வீச்சு அறிக்கையிலும் வர வேண்டிய வரி அது. எழுதாமல் விட்டிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். காசைத் திருப்பிக் கேட்க இதில் இடமில்லை ஐயா. கேட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், எல்லையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த ஸ்கேன் உயிரைக் காக்கும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்றே இப்படிப்பட்ட புள்ளிப் படங்களிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2011 இல் வந்தது. சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. அன்றைய கருவிகள் இன்றையவற்றைவிடப் பழையவை. இப்போது கணினியே இரைச்சலைக் குறைத்துப் படத்தைக் கட்டும் வழிகள் வந்துவிட்டன. (சில கருவிகள் அளவுக்கு மீறி வழுவழுப்பாக்கி, மெழுகு பூசியதுபோல் படம் தரும். பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அவற்றைவிடக் கொஞ்சம் மணல் தூவிய படமே பிடிக்கும். மங்கலான பனிப்புகை போன்ற முடிச்சுகள் வழுவழுப்பில் கரைந்துவிடக் கூடும்.)

உங்கள் மகளின் தோழி பார்த்தது எது என்பதையும் யோசியுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டிய படங்களைச் சாதாரணத் திரையில் போட்டு, அதைப் போனில் பிடித்து, வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பியது. மெல்லிய வெட்டுப் படம் எப்போதும் தடித்ததைவிடப் புள்ளி கூடியதுதான். கதிரியல் நிபுணர்களான நாங்கள் அதைத் தனித் திரையில் நூற்றுக்கணக்கான படங்களாக மேலும் கீழும் ஓட்டி, நுரையீரலுக்கு ஒரு வெளிச்ச அளவு, எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். முடிச்சையும் குறுக்கே வெட்டுப்பட்ட இரத்தக் குழாயையும் பிரித்தறிவது அந்த ஓட்டத்தில்தான். ஒற்றைப் படத்தைப் பார்த்து எனக்கும் எதுவும் சொல்ல வராது.

எதை நம்பலாம், எதில் சந்தேகம்

அறிக்கை எழுதியவருக்கு எல்லாவற்றிலும் ஒரே அளவு நிச்சயம் இருந்திருக்காது. முடிச்சு இருக்கிறது என்பதில் நிச்சயம் இருக்கும். அளவு 5 மில்லிமீட்டர் என்பதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். அதனால்தான் அடுத்த முறை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று எடுப்போம். அது என்ன என்பதில் இப்போதைக்கு யாருக்கும் நிச்சயம் கிடையாது. முழுக் கதிர்வீச்சில் எடுத்தால் விளிம்பு கொஞ்சம் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து மில்லிமீட்டர் திண்ம முடிச்சு பழைய தொற்றின் தழும்பா, நுரையீரலுக்குள் இருக்கும் சிறு நிணநீர்க் கணுவா, வேறேதுமா என்பதைக் கூடுதல் கதிர்வீச்சு சொல்லித் தராது.

கதிர்வீசும் சீனியைச் சிறிதளவு ஏற்றி, எந்த இடம் அதைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனும் இதற்கு உதவாது. எட்டு மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்டவற்றில் அதன் பதிலை நம்ப முடியாது. கெட்டதாக இருந்தாலும் 'ஒன்றுமில்லை' என்று வரலாம். அந்தப் பொய்யான நிம்மதி இப்போதைய தூக்கமின்மையைவிட மோசம். ஊசி போட்டுத் திசு எடுப்பதும் இந்த அளவுக்கு வேண்டாத வேலை. குறி தவறலாம், நுரையீரலில் காற்றுக் கசியலாம்.

மிஞ்சியிருக்கும் பரிசோதனை காலம்தான். சும்மா இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த பெரிய ஆய்வில் 100 கன மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சு உள்ளவர்களை இரண்டு வருடம் பார்த்தார்கள். புற்றுநோய் கண்டவர்கள் 0.6 சதவீதம். முடிச்சே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தக்கூடிய வித்தியாசமில்லை. உங்களுடையது உருண்டையாக இருந்தால் கன அளவு சுமார் 65. அதனால்தான் 'இரண்டாம் வகை'. அந்த வகைக்குப் பன்னிரண்டு மாதம் என்பது அந்த அட்டவணை வைத்திருக்கும் ஒழுங்கு; கொழும்பில் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. நான் முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்தது. அப்படித் தெரிந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோய் இல்லை.

உண்மையான குறை வேறு இடத்தில்

உங்கள் படத்தில் தரக்குறைவு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கதிர்வீச்சால் வந்ததில்லை. மூச்சை அடக்கச் சொன்னபோது இருமிவிட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இடது தோள் இறுகிப்போனதால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடிப்பகுதி மங்கலுக்குக் காரணம் இருமல். கையை உடம்போடு வைத்தால் அந்த எலும்பு கதிரை உறிஞ்சி, நெஞ்சுக்குக் குறுக்கே கோடு கோடாக நிழல் விழுத்தும். கதிர்வீச்சைப் பத்து மடங்கு கூட்டினாலும் அசைந்த படம் அசைந்த படம்தான்.

எனவே வைத்தியசாலையிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "மூச்சசைவால் மங்கிய பகுதியில் முடிச்சைத் தவறவிடும் அளவுக்கு மறைப்பு இருக்கிறதா, இல்லையா?" அறிக்கை எழுதிய கதிரியல் நிபுணரிடம் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் சேர்த்துத் தரச் சொல்லலாம். தயங்க வேண்டாம், இது நோயாளி கேட்க வேண்டிய விடயம்தான். நுரையீரலின் ஒரு பகுதியைப் பார்க்கவே முடியவில்லை என்றால் அதற்குத் தனி வகை இருக்கிறது. அதைப் போடாமல் இரண்டாம் வகை போட்டிருப்பதால், வாசிக்க முடிந்தது என்றுதான் அவர் கருதியிருக்க வேண்டும். ஒருவேளை திரும்ப எடுக்கச் சொன்னாலும், இருமல் அடங்கிய பிறகு, அதே குறைந்த கதிர்வீச்சில் எடுத்தால் போதும். மருந்து ஏற்றத் தேவையில்லை.

இருமலைப் பற்றி ஒரு வார்த்தை. "அது பழைய சிகரெட் இருமல்தான்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த இருமலுக்கும் நம் நாட்டில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. அரச மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசம். கொழும்புக்குப் போக முன்னரே செய்திருக்க வேண்டியது. இந்தக் கிழமையே செய்யுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட வரி

முடிச்சைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. இருதயக் குழாய்ச் சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. என்னைக் கேட்டால், இந்த அறிக்கையில் முதலில் கவனிக்க வேண்டியது அந்த வரிதான்.

சுண்ணாம்பு என்பது இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து நாள்பட இறுகியதன் அடையாளம். அது எலும்புபோல வெள்ளையாகத் தெரியும் என்பதால் குறைந்த கதிர்வீச்சுப் படத்திலும் ஒளிந்துகொள்ளாது. 59 வயது, சீனி வருத்தம், 36 வருடச் சிகரெட், இப்போது இது. கூடவே, கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்று வேறு ஏதோ பேச்சில் எழுதியிருக்கிறீர்கள். அது எம்பிசீமாவாலும் இருக்கலாம், இருதயத்தாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இருதயக் குழாய் அடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே, வெறும் மூச்சிரைப்பாக வருவதுண்டு. ஐந்து மில்லிமீட்டர் முடிச்சு பன்னிரண்டு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்கக் கூடாது.

சீனிக்கு மருந்து எடுக்கும் கிளினிக்கிலேயே இந்த அறிக்கையைக் காட்டுங்கள். ஈ.சி.ஜி., பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் இருதய நிபுணரிடம் அனுப்புவார்கள், நடை பரிசோதனை செய்யச் சொல்வார்கள். கொலஸ்ட்ரோல் மாத்திரை இதுவரை எடுக்கவில்லை என்றால் அதைப் பற்றியும் பேச வேண்டிவரும். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையையும் கேளுங்கள். எம்பிசீமாவால் மூச்சு எந்த அளவுக்குத் தடைப்படுகிறது என்பது அதில்தான் தெரியும். கலியாண வீடுகளில் "ஒன்றே ஒன்று" என்று பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்துக்குப் பதில்

ஸ்கேன் படங்களைப் பதிந்து தந்த இறுவட்டின் கடைசிப் பக்கத்தில் கதிர்வீச்சுக் கணக்கு இருக்கிறது. அதில் டி.எல்.பி. (ஸ்கேன் முழுவதற்குமான கதிர்வீச்சு அளவு) என்ற இடத்தில் 82 என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சுக்கு அதை 0.014 ஆல் பெருக்கினால் சுமார் 1.15 மில்லிசீவெர்ட் (உடம்பு பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், பாறை, காற்று, விண்வெளி என்று இயற்கையிலிருந்தே உலகில் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் கிடைக்கிறது. (நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரைமணலிலேயே கதிர்வீசும் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது.) ஆகவே அரை வருட இயற்கைக் கதிர்வீச்சு. முழு அளவு நெஞ்சு சி.டி. என்றால் 5 முதல் 7 வரை போகும். ஒரு மில்லிசீவெர்ட்டால் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பைச் சுமார் இருபதாயிரத்தில் ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் வயதில் அதைவிடக் குறைவு. பூச்சியம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் காரணமில்லாமல் திரும்ப எடுக்க வேண்டாம் என்கிறேன். உங்கள் மனைவி பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது எடுத்து முடித்த ஸ்கேனுக்குப் பொருந்தாது, மன அமைதிக்காக நீங்கள் எடுக்க நினைக்கும் அடுத்த இரண்டு ஸ்கேனுக்குத்தான் பொருந்தும்.

அடுத்த வருடம் போகும்போது

இயன்றால் அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள். இடம் மாறினாலும் பரவாயில்லை, பழைய இறுவட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாமல் எழுதும் அறிக்கையில் பாதிப் பயன் போய்விடும். இறுவட்டில் மெல்லிய வெட்டுப் படங்கள் இருக்கின்றனவா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; சில இடங்களில் ஐந்து மில்லிமீட்டர் தடிப்புப் படங்களை மட்டும் பதிந்து கொடுத்துவிடுவார்கள். கிடைத்ததும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்து வையுங்கள், கடற்காற்றில் இறுவட்டு நாள்பட நம்பத்தக்கதில்லை. தோள் பிரச்சினையை ரேடியோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தலையணை வைத்து முடிந்த அளவு கையைத் தூக்கி வைப்பார். படுக்குமுன் நன்றாக இருமிச் சளியைத் துப்பிவிடுங்கள். மூச்சை அடக்கிப் பழகிப் பார்க்கவும் கேளுங்கள். படம் எடுக்கும் நேரம் பத்து வினாடிக்குள்தான்.

மகளின் தோழி உண்மையிலேயே கருத்துச் சொல்ல விரும்பினால் போன் படம் வேண்டாம், இறுவட்டிலுள்ள மூலக் கோப்புகளை இணையம் வழியாக அனுப்பி, அங்கே ஒரு கதிரியல் நிபுணரிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது கருத்துக்கு இரண்டாவது ஸ்கேன் தேவையில்லை.

பன்னிரண்டு மாதம் என்பது உடம்பில் வேறு அறிகுறி எதுவும் இல்லாதவருக்கான கணக்கு. சளியில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலோ, குரல் கம்மிப்போய்ச் சில வாரங்களாகத் திரும்பாவிட்டாலோ திகதி பார்த்துக்கொண்டிராமல் சுவாச நோய் நிபுணரைப் பாருங்கள். அப்போது கேள்வியே மாறிவிடும். முழுக் கதிர்வீச்சும் மருந்து ஏற்றுவதும் அந்த வேளைக்குரியவை, அவரே எழுதித் தருவார். மாறாக நெஞ்சில் இறுக்கமோ, சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவென்றாலும் சரி.